அவசரம் இல்லை என்று சொன்னவர்கள்

எங்கள் எஸ்.பி. மேடம் திங்கட்கிழமை காலையில் தன் அறையில் இருக்கமாட்டார். மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு கீழ்த் தளத்து ஹாலில் உட்கார்ந்திருப்பார். முன்னால் மேசை கிடையாது. மேசை இருந்தால் ஜனங்கள் மேசையைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள் என்பார். திருப்பதி நகரக் காவலுக்குத் தலைவராக வந்த முதல் வாரமே அந்த மேசையைத் தூக்கி மாடியிலிருக்கும் கணினி அறைக்கு அனுப்பிவிட்டார். அதில்தான் நான் வேலை பார்க்கிறேன். நல்ல தேக்கு. மூன்று மானிட்டர் வைத்த பிறகும் டிபன் பாக்ஸைத் திறந்து வைக்க இடமிருக்கும்.

அவரை நான் முதலில் பார்த்தது சித்தூரில். அப்போது அவர் டி.எஸ்.பி. நான் பி.டெக். கடைசி வருடம். எங்கள் விடுதித் தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடி, மாதத்துக்கு இரண்டு கண்ணாடி உடையும். ஒருநாள் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். ஜீப்பில் வந்து இறங்கினார். பையன்கள் ஓடவில்லை, ஓடினால் பேட்டைப் போட்டுவிட்டுப் போகவேண்டும். அவர் பேட்டை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, ஆயுதப்படை மைதானம் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை உங்களுக்கு, தெருவில் ஆடினால் பேட் எனக்கு என்றார். சொன்னபடியே திறந்துவிட்டார். முதல் நாள் ஆட்டத்துக்கு அவரே அம்பயர். அன்றைக்கு அவர் கொடுத்த எல்.பி.டபிள்யூ. தப்பு என்று அந்தத் தெருவில் இன்றும் சாதிப்பார்கள். நானும் மாடியிலிருந்து பார்த்தேன். தப்புதான்.

அவருக்கு ஊர் விசாகப்பட்டினத்துக்கும் வடக்கே. அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். மாநிலத் தேர்வு எழுதி நேராக டி.எஸ்.பி. ஆனவர், படிப்படியாக மேலே வந்து எங்கள் நகரத்துக்குத் தலைமை ஏற்றார். அவர் பேசும் கடலோரத் தெலுங்கில் 'என்னங்க' என்பதற்கு "ஏட்டண்டி" என்று ஒரு இழுப்பு வரும். எங்கள் பக்கத்துத் தெலுங்குக்காரர்களுக்கே அது வேடிக்கை. தமிழில் மூன்று சொல் தெரியும்: வாங்க, உக்காருங்க, சாப்டீங்களா. அந்த மூன்றை வைத்துக்கொண்டே புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரர்களிடம் கால் மணி நேரம் பேசிவிடுவார்.

நான் ஒப்பந்த வேலைக்கு வந்தேன். மனுக்களைக் கணினியில் ஏற்றி, எது எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டுகிற மென்பொருளை எழுதிப் பராமரிக்க வேண்டும். ஆனால் மேடத்துக்குப் புதிதாக ஏதாவது தோன்றினால் அதற்கான பட்டியலும் என்னிடம்தான் வரும். தனியாக இருக்கும் வயதானவர்களின் பட்டியல்: ரோந்து போகும் ஒவ்வொரு கான்ஸ்டபிளும் வாரத்தில் ஒருமுறை அவர்கள் கதவைத் தட்டிப் பேசிவிட்டு வரவேண்டும். சனிக்கிழமைத் தெருக்களின் பட்டியல்: எந்தத் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜனங்களோடு டீ குடிப்பது என்று. இவற்றில் எனக்குப் பிடித்தது ஆட்டோக்காரர்கள் பட்டியல். பயணிகள் மறந்துவிட்ட பொருளைக் கொண்டுவந்து கொடுக்கிற டிரைவரின் புகைப்படம் பஸ் ஸ்டாண்டுப் பலகையில் ஒரு வாரம் தொங்கும். அவ்வளவுதான் பரிசு. அதற்கே போட்டி. ஒருவர் ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலைவாரிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்.

திங்கட்கிழமை மனுக்களைத் தட்டச்சு செய்கிறவர் ஒரு பெண் ஹெட் கான்ஸ்டபிள். நாயுடுபேட்டைக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். எல்லோருக்கும் அக்கா. தெலுங்குதான் அவர் மொழி. தமிழ் புரியும், பேசினால் இரண்டும் கலந்து வரும். வேகமென்றால் அப்படி ஒரு வேகம். ஆள் உட்கார்ந்து பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் பெயரும் ஊரும் ஏறியிருக்கும்.

அந்த மென்பொருளில் ஒரு மனுவை முடித்து வைக்கும்போது காரணத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் உண்டு. நான் போட்டதுதான். தீர்க்கப்பட்டது. வேறு துறைக்கு அனுப்பப்பட்டது. நீதிமன்றத்தில் உள்ளது. மனுதாரருக்குத் தேவையில்லை. அலுவலக மொழி தெலுங்கு என்பதால் எல்லாம் தெலுங்கில் இருக்கும். கடைசிக் காரணத்தை இரண்டே சொல்லில் எழுதியிருந்தேன்: 'அவசரம் லேது'.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அவசரம் லேது என்றால் தேவையில்லை. இது எனக்கு ஆறு வயதிலிருந்து தெரியும், தெலுங்குப் பள்ளியில் படித்தவள். தமிழில் அவசரம் என்றால் என்ன என்பதும் தெரியும், வீட்டில் அம்மா காலையில் பத்துமுறை சொல்கிற சொல். எங்கள் வீட்டில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் ஓடும். நைனா தமிழில் ஆரம்பித்து உர விலை வந்ததும் தெலுங்குக்கு மாறி, திட்டுவதற்குத் தமிழுக்குத் திரும்புவார். அதனாலோ என்னவோ, அந்த இரண்டும் ஒரே சொல் என்பது எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை பதினோரு மணி இருக்கும். ஆய்வுக் கூட்டத் தாள்களைப் பார்க்க மேடம் அன்று ஹாலிலிருந்து சீக்கிரமே தன் அறைக்குப் போய்விட்டார். கீழேயிருந்து அக்கா போன் செய்தார். என்னை அம்மாயி, பெண்ணே என்றுதான் தெலுங்கில் கூப்பிடுவார். "அம்மாயி, கொஞ்சம் கீழே ரா. ஒருத்தர் சண்டை போட்றாரு. சண்டைகூட இல்ல, அழுகிற மாதிரி நிக்கிறாரு. அது இன்னும் கஷ்டம்."

போனேன். வடமாலபேட்டைக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து வந்தவர். மாந்தோப்புக்காரர், வெள்ளை வேட்டி, கையில் போன். பக்கத்தில் மகள். பன்னிரண்டாவது முடித்தவள், நர்சிங் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். மூன்று வாரம் முன்பு இருவரும் திருப்பதிக்கு வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போனபோது கட்டைப்பையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டார்கள். பையில் அவளுடைய அசல் சான்றிதழ்கள் அத்தனையும். அன்றைக்கே வந்து மனு கொடுத்தார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு இந்த வெள்ளிக்கிழமை. அசல் வேண்டும். இல்லாவிட்டால், தேடினோம் கிடைக்கவில்லை என்று போலீஸ் கொடுக்கும் தாளாவது வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சீட் அடுத்த ஆளுக்கு.

"அதான் முடிச்சாச்சுன்னு மெசேஜ் வந்துச்சேம்மா," என்று போனை நீட்டினார். உங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது என்று தெலுங்கில் இருந்தது. அந்தச் செய்தி தானாகப் போவது, அதையும் நான்தான் எழுதினேன். "பொண்ணு படிச்சிச் சொல்லிச்சு. சரி, பை கெடச்சிடுச்சு, வூட்டாண்ட கொண்ணாந்து குடுப்பாங்கன்னு ஒக்காந்துகினு இருந்தோம். போலீஸ் ஜீப்பு சத்தம் கேட்டாலே எங்கூட்டுக்காரி டீ போட ஆரம்பிச்சிடுவா."

"நான் சொன்னேன்க்கா, கெடச்சிருந்தா கெடச்சதுன்னு போட்டிருப்பாங்கன்னு," என்றாள் மகள். "நைனா கேக்கல."

அக்கா திரையைத் திருப்பிக் காட்டினார். காரணம்: அவசரம் லேது. "இதோ சூடண்டி, பாருங்க. மீரே கதா, நீங்கதானே சொன்னீங்க, வேணாம்னு."

"நானா? நான் எதுக்கும்மா வேணாம்னு சொல்லப்போறேன்? பொண்ணு சர்டிபிகேட்டு!"

"சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம். அவசரம் லேதுன்னு இந்த நாற்காலியில உக்காந்துதான் சொன்னீங்க."

"அவசரம் இல்லன்னு சொன்னேன். கவுன்சிலிங்குக்கு இன்னும் நாள் கீது, நிதானமா பாருங்க, அவசரம் இல்லன்னு. மரியாதைக்குச் சொல்றதுதானே? போலீஸ்காரங்கள எடுத்த எடுப்புல வெரட்ட முடியுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அந்த இரண்டு சொற்களையும் முதல்முறையாக இரண்டு காதாலும் கேட்டேன்.

"ஐயோ," என்றார் அக்கா. "அவரு வாயால சொன்னாரு, நான் கையால அழுத்தினேன். அம்மாயி, இப்படி எத்தனை பேரு சொல்லியிருப்பாங்க?"

மாடிக்கு ஓடி, அந்தக் காரணத்தால் முடிக்கப்பட்டவை எல்லாவற்றையும் எடுத்தேன். ஒரு பக்கத்தில் முடியும் என்று நினைத்தேன், அடுத்த பக்கத்துக்குப் போனது, அதற்கடுத்த பக்கத்துக்கும். ஊர்வாரியாக அடுக்கினேன். வடமாலபேட்டை, புத்தூர், சத்தியவேடு. பக்கம் பக்கமாகத் தமிழ் பேசும் எங்கள் ஊர்க்காரர்கள். வரப்புத் தகராறு, காணாமல் போன எருமை, பக்கத்து வீட்டு ஸ்பீக்கர், தொலைந்த ஓட்டுநர் உரிமம். பணிவாகப் பேசிய அத்தனை பேரையும் நாங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். சத்தம் போட்டவர்களின் மனுக்கள் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தன.

முடிந்த மனுவைத் திறக்க எஸ்.பி.யின் ஒப்புதல் வேண்டும். அவருடைய கடவுச்சொல் இல்லாமல் நடக்காது. இந்த விதியும் என் மென்பொருளில் இருக்கிறது, அவர் சொல்லிப் போட்டது. இங்கேதான் சிக்கல். புதன்கிழமை சித்தூரில் மேலதிகாரி நடத்தும் ஆய்வுக் கூட்டம். அதில் மேடம் காட்டப்போகிற முதல் படமே, வரைபடத்தில் 'முடிந்தவை' என்கிற நீலக் கம்பம்தான். அந்தக் கம்பத்தின்மேல் அவருக்கு ஆசை அதிகம். தினமும் சாயங்காலம் கீழே இறங்கும்போது என் கதவைத் தட்டி, "இன்றைக்கு எவ்வளவு வளர்ந்தது?" என்று குழந்தையின் உயரம் கேட்பதுபோலக் கேட்பார். சொல்வதில் எனக்கும் பெருமை. இப்போது அத்தனையையும் திறந்தால் கம்பம் குட்டையாகிவிடும்.

அக்கா மாடிப்படியில் வழிமறித்தார். "ஒன்னு செய்யலாம். அந்தப் பொண்ணுதை மட்டும் இன்னைக்குத் திறந்துக்கலாம். மத்ததெல்லாம் வியாழக்கிழமை. கூட்டம் முடிஞ்சுடும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

நல்ல யோசனைதான். நான் படியில் நின்று இரண்டு நிமிடம் அதை யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மேடத்தின் அறையில் கூட்டத்துக்கான தாள்கள் பரப்பியிருந்தன. நான் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் எரிச்சலோடு கேட்டார். "தெளிவாகச் சொல்லும்மா. யார் தப்பாகப் பதிவு செய்தது? ஹெட் கான்ஸ்டபிளா?"

"இல்லை மேடம். பட்டியல் என்னுடையது. அந்தச் சொல்லைப் போட்டது நான். இரண்டு மொழியும் தெரிந்தவள் நான், கவனித்திருக்கவேண்டும்."

தாளைக் கையில் வாங்கிப் பக்கம் திருப்பினார். எருமை வந்த இடத்தில் நின்றார். "எருமை தேவையில்லை என்று ஒருவர் சொன்னாரென்று நாம் நம்பியிருக்கிறோம்," என்றார். "படித்துப் பார்க்கக்கூட இல்லை. நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்." அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டண்டி இது! எருமை அவசரம் லேது!" என்று மறுபடி சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

சிரிப்பு நின்றதும் கேட்டார். "எல்லாவற்றையும் திறந்தால் புதன்கிழமை கம்பம் எப்படியிருக்கும்?"

காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். அக்காவின் யோசனையையும் சொன்னேன். மறைத்தால் அது வேறு தப்பு.

"வியாழக்கிழமைவரை அந்த எருமைக்காரர் எனக்காகக் காத்திருக்கவேண்டுமா?" என்றார். கீபோர்டை இழுத்துக் கடவுச்சொல்லை அடித்தார். இரண்டுமுறை தப்பாகப் போனது. மூன்றாவது முறை திறந்தது.

எங்கள் மென்பொருள் தொலைந்தவற்றையும் கண்டெடுத்தவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும், ஆனால் திறந்திருக்கும் மனுக்களை மட்டும். முடிந்ததைத் திரும்பிப் பார்க்காது. திறந்த அரை நிமிடத்தில் திரையில் ஒரு பச்சை வரி வந்தது. கட்டைப்பை ஒன்று, ஆட்டோ டிரைவர் ஒப்படைத்தது, உள்ளே கல்விச் சான்றிதழ்கள், ஒரு பாட்டில். பை தொலைந்த மறுநாளே வந்திருக்கிறது. டிரைவரின் படம் பலகையில் ஒரு வாரம் தொங்கி இறங்கியும் விட்டது. யாரும் கேட்காத பொருட்கள் இரண்டு வாரம் ஆனதும் சித்தூர் கிடங்குக்குப் போய்விடும். பையும் போயிருந்தது.

கீழே போய்ச் சொன்னேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகள் கேட்டது ஒன்றே ஒன்று: "பாட்டில் ஒடையலையேக்கா?"

"என்ன பாட்டில்?"

"ஆவக்காய் ஊறுகாய். அத்தைக்குன்னு அம்மா குடுத்தது."

கிடங்குச் சாவிக்காரர் புதன்கிழமை காலையில்தான் விடுப்பிலிருந்து வருகிறார் என்றார்கள். அதுவரை மற்றவர்களுக்குப் போன் செய்வது என்று முடிவானது. தமிழ் தெரிந்தவர்களாகப் பார்த்து உட்கார வைத்தோம், இரண்டு கான்ஸ்டபிளும் நானும். மேடம் நானும் செய்கிறேன் என்று ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று யாரால் சொல்லமுடியும்? எருமைக்காரரை அவரே எடுத்துக்கொண்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாம் கேட்டது.

"வாங்க," என்றார் மேடம், போனில்.

"எங்கம்மா வரணும்?" என்றது எதிர்க்குரல், வயதான குரல்.

"சாப்டீங்களா?"

"துன்னாச்சும்மா. யாரு பேசறது?"

அதோடு தமிழ் தீர்ந்தது. எஸ்.பி. பேசுகிறேன், பயப்படவேண்டாம், சும்மா விசாரிக்கத்தான் கூப்பிட்டேன் என்பதைத் தெலுங்கில் சொன்னார். "பயப்படகண்டி. ஊரிகே போன் சேசானு."

தெலுங்கில் ஊரிகே என்றால் சும்மா. எதிர்ப்பக்கம் ஆச்சரியம் பொங்கும் குரல்: "ஊருக்கே போன் பண்றீங்களாம்மா? எஸ்.பி. அம்மாவா? ஏய், இங்க வாங்கடா! எஸ்.பி. அம்மா ஊருக்கே போன் பண்ணிக்கினு கீறாங்க!"

அடுத்த பத்து நிமிடம் அந்த ஊரே வரிசையில் வந்து போனில் பேசியது. தெருவிளக்கு, குடிகாரர்கள் உட்காரும் கால்வாய்க் கரை, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வேகமாகப் போகும் மணல் லாரி. நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்து எழுதினேன். எருமை போன வாரமே தானாக வந்துவிட்டதாம். கன்றோடு. வைத்துவிட்டு மேடம் என்னிடம், "நான் என்ன சொல்லிவிட்டேன்?" என்றார். விளக்கினேன். யோசித்துவிட்டு, "சரி, இனிமேல் ஊருக்கே போன் செய்வோம்," என்றார். அதன்பிறகுதான் சனிக்கிழமை நாற்காலிகள் நகரத்தைத் தாண்டி எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கும் போக ஆரம்பித்தன. முதலில் போனது எருமைக்காரர் ஊருக்கு. கன்றைக் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள்.

புதன்கிழமை காலை மேடத்தின் வண்டியில் சித்தூர் போனேன். வழக்கமாகப் படங்களை ஓட்டுவதற்குத்தான் என்னைக் கூட்டிப்போவார், அன்று கிடங்குக்கும் சேர்த்து. கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சேர்ந்துவிட்டோம். கிடங்கைத் திறந்ததும் மேடம் மூக்கை உறிஞ்சினார். எனக்கும் பசித்தது. அறை முழுக்கக் கடுகும் நல்லெண்ணெயும் பூண்டுமாக மணத்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டே போனோம். மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு. பாட்டில் உடையவில்லை. மூடிதான் சரியாக இல்லை.

மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் பிளாஸ்டிக் உறையில் தப்பித்திருந்தன. பத்தாவது மதிப்பெண் பட்டியலின் ஓரத்தில் மட்டும் கறை. பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல்தான் மேலே இருந்திருக்கிறது. எண்ணெய் இறங்கி, பதிவெண் இருந்த இடம் சிவப்பாக ஊறிப்போயிருந்தது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். மூன்று இலக்கம் தெரிந்தது. மற்றவை மிளகாய்த்தூள்.

"இதை ஒத்துக்கொள்வார்களா?" என்றார் மேடம்.

தெரியாது என்றேன். தெரியாதுதான்.

கூட்டத்துக்குப் போகவேண்டிய நேரம். அவர் அங்கேயே கிடங்குப் பதிவேட்டின்மேல் தாள் வைத்து, தன் கையால் ஒரு சான்று எழுதினார். இந்தப் பை எப்போது தொலைந்தது, யார் ஒப்படைத்தார், எங்கள் அலுவலகத் தவறால் எத்தனை நாள் அலமாரியில் கிடந்தது, ஆவணம் எப்படிக் கெட்டது, பொறுப்பு விண்ணப்பித்த பெண்ணுடையதல்ல. "ஊறுகாய் என்று எழுதலாமா?" என்று கேட்டார். உண்மை அதுதானே மேடம் என்றேன். எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரைக்குக் கிடங்குக்காரரைத் துரத்தினார்.

கூட்டத்தில் அவருடைய முறை வந்தது. முதல் படத்தில் குட்டைக் கம்பம். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போன மாதம் உயரமாக இருந்ததே என்றார். மேடம் எழுந்து, போன மாதம் இருந்தது பொய் சார், நாங்கள் அறியாமல் சொன்ன பொய் என்று ஆரம்பித்து, அவசரத்தின் இரண்டு அர்த்தங்களையும் சொன்னார். எருமையையும் சொன்னார். அறை சிரித்தது, மேலதிகாரி சிரிக்கவில்லை. "அடுத்த மாதம் சரியான எண்ணிக்கை வரட்டும்," என்று மட்டும் குறித்துக்கொண்டார். பாராட்டுப் பட்டியலில் அந்த மாதம் எங்கள் பெயர் வரவில்லை. தேநீர் இடைவேளையில் ராமகுப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒரு இன்ஸ்பெக்டர் என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, "எங்ககிட்டயும் தமிழ்க்காரங்க நிறைய. அந்தப் பட்டியலை எப்படி எடுக்கறதுன்னு எனக்கும் கொஞ்சம் எழுதி அனுப்பும்மா," என்றார். திரும்பும் வழியில் மேடம் அந்தப் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். கம்பம் அவருக்கு வலித்திருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை.

அன்று சாயங்காலமே பையை வாங்கிப்போக அப்பாவும் மகளும் வந்தார்கள். மகள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தாள், அழவில்லை. மேடத்தின் தாளை இரண்டுமுறை படித்தாள். "ஊறுகாய்னே போட்டிருக்காங்க நைனா," என்றாள். அப்பாவுக்கு அது அவமானமாகப் பட்டது. "கவர்மென்ட் பேப்பர்ல ஊறுகாயா? எண்ணெய்னு போடக்கூடாதா?"

"ஊறுகாய்னு போட்டாதான் நம்புவாங்க சார்," என்றார் அக்கா. "எண்ணெய்னு போட்டா எந்த எண்ணெய்னு கேப்பாங்க."

வெள்ளிக்கிழமை நான் 'அவசரம் லேது' இருந்த இடத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று மனுதாரரே கையெழுத்திட்டால்தான் அந்தக் காரணம் வேலை செய்யும், முடிப்பதற்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு கட்டாயம். கை வேலை செய்தது, கண் கடிகாரத்தில் இருந்தது. பத்து மணிக்குச் சரிபார்ப்பு என்றார்கள். பன்னிரண்டாகியும் ஒன்றும் வரவில்லை. அக்கா காரணமே இல்லாமல் மூன்றுமுறை மாடிக்கு வந்தார். ஒன்றரைக்கு மேடமே வந்து, என் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, "பேசினாளா?" என்றார். இல்லை மேடம். "நாமே கேட்கலாமா?" வேண்டாம் மேடம், உள்ளே இருக்கும்போது போன் அடித்தால் பயந்துவிடுவாள். "ஆமாம்," என்று சொல்லிவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மணிக்கு முன்னால் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் பஸ் இரைச்சல்.

"அக்கா, மொதல்ல ஒத்துக்கல. அந்த மேடம் பேப்பரைக் குடுத்தேன். பெரிய ஆபீசர்கிட்ட எடுத்துக்கினு போனாங்க. அவர் வந்து மார்க்ஸ் பேப்பரை மோந்து பார்த்தாருக்கா!"

"மோந்தா?"

"ஆமா! மோந்துட்டு, ஆவக்காய்தான், உண்மைன்னு சொல்லிட்டாரு. கம்ப்யூட்டர்ல என் நம்பரை எடுத்துச் சரிபார்த்துக்கினாங்க. நகல் வாங்கித் தர டைம் குடுத்திருக்காங்க. சீட்டு கெடச்சிடுச்சுக்கா. சித்தூர்லயே!"

மேடம் மேசையை ஒரு தட்டு தட்டினார். அக்கா வாசலில் நின்றபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மேடம் இங்கதான் இருக்காங்க, பேசு," என்றேன்.

அந்தப் பக்கம் கிசுகிசுப்பு, தள்ளுமுள்ளு. பிறகு அப்பாவின் குரல், தெலுங்கில், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக: "நமஸ்காரம் மேடம். சால தேங்க்ஸ். மீரு மா ஊரிகி ராவாலி." எங்கள் ஊருக்கு வரவேண்டும் என்று.

"வரேன்," என்றார் மேடம் தமிழில். அது நான்காவது சொல். எப்போது கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது.

"எப்ப மேடம்?" என்று அவர் தமிழுக்குத் திரும்பிக் கேட்டார். "நாளைக்கா? நாளன்னைக்கா? சொல்லிட்டீங்கன்னா தோப்புல ஆள வெச்சி நல்லதா பழம் பறிச்சி வெச்சிடறேன்."

மகள் போனைப் பிடுங்கினாள். "பஸ்சு வந்துடுச்சுக்கா, நைனா பையை யார்கிட்டயும் குடுக்கமாட்டேன்றாரு, ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சிக்கினு கீறாரு, ஏறவே முடியல. அப்புறம் பேசறேன்!"